பேர்போன நாவல் பிடிக்கவில்லையென்றால் கூட்டத்தில் சொல்லலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். விசுவமடுவில் நீங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாசித்துக் கதைக்கிறீர்கள். இந்தமுறை எடுத்தது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. எங்கள் மண்ணின் நாவல், சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது, பெரியவர்கள் எல்லோரும் போற்றுவது. கூட்டத்தில் எல்லாரும் “அருமை” என்றார்கள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். கதாநாயகி பதஞ்சலியை ஒன்றும் அறியாத பிள்ளையாகவே வைத்திருப்பது எரிச்சலாக இருந்தது என்றார் ஒருவர். இடையில் அலுப்படித்தது என்றார் இன்னொருவர். இதைக் கூட்டத்திலேயே சொல்லலாமா, சொன்னால் மரியாதைக் குறைவாகுமா, பழசாய்ப்போன நாவலை எதைக்கொண்டு அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டத்திலேயே சொல்லுங்கள். வழியில் சொன்னவைதான் அன்றைக்கு நடந்த உண்மையான வாசிப்பு. கூட்டத்தில் சொன்ன “அருமை”யை வைத்து அந்த நாவலைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது.

ஆனால் நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். வன்னியில் அதற்குத் தனிக் காரணம் உண்டு.

பொதுவான காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் ஊர்களில் புத்தகத்தைப் பற்றிப் பொது இடத்தில் கதைப்பது பெரும்பாலும் வெளியீட்டு விழாவில்தான். மங்கள விளக்கு, வரவேற்புரை, வெளியீட்டுரை, முதற்பிரதி, நயப்புரை, ஏற்புரை. அந்த மேடையில் குறை சொல்ல இடமே கிடையாது. எழுதியவர் முன்வரிசையில் இருப்பார், பக்கத்தில் அவர் மனைவி பிள்ளைகள் இருப்பார்கள். அது ஒரு வீட்டுச் சடங்கு, அதில் அப்படி நடப்பதில் பிழையில்லை. அந்தப் பழக்கத்தை வாசிப்புக் கூட்டத்துக்கும் கொண்டுவருவதுதான் பிழை.

வன்னிக்குரிய காரணம் இதைவிட ஆழமானது. ‘நிலக்கிளி’ 1973இல் கொழும்பு நாளிதழான வீரகேசரியின் பிரசுரமாக வந்தது. கதை நடக்கும் இடம் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பு. 1984இல் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருந்த எங்கள் சனம் இடத்தைவிட்டு எழுப்பப்பட்டது. குளமும் காடும் வயலுமாக அந்தச் சீவியம் எப்படி இருந்தது என்று இன்றைக்கு ஒருவர் தேடினால் கையில் அகப்படுகிற எழுத்துகளில் இந்த நாவலும் ஒன்று. ஆகவே எங்கள் ஆட்கள் அதைக் காணி உறுதியைப் போலப் பொத்திப் பிடிக்கிறார்கள். உறுதியை வாசித்து நடை சரியில்லை என்று யாராவது சொல்வார்களா? குறை சொன்னால் காணியையே விட்டுக்கொடுப்பதுபோல உள்ளுக்குள் ஒரு பயம்.

அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஆவண மதிப்பு வேறு, நாவலாக அதன் மதிப்பு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நட்டம் நாவலுக்குத்தான். “எங்கட இடத்தைப் பற்றி எழுதினது, ஆனபடியால் நல்லது” என்று சொல்லிச் சொல்லியே அதற்குள் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிற பக்கங்களைப் பற்றி ஒருவரும் கதைக்காமல் விட்டுவிட்டோம். அந்த நாவலில் மண் வருகிற இடமெல்லாம் இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. காட்டை வெட்டி எரித்து நிலமாக்குகிற உழைப்பை வெளியிலிருந்து வந்து பார்த்தவர் அப்படி எழுத முடியாது. பாலமனோகரன் முல்லைத்தீவுப் பக்கத்தார். அவருக்குக் காடு வீட்டுக் கோடி மாதிரி. அந்தப் பக்கங்களை வாசிக்கும்போது காட்சியை வர்ணிக்கிறார் என்றே தோன்றாது, வேலை நடந்துகொண்டிருக்கும்.

பதஞ்சலி விஷயத்தில் உங்கள் சிநேகிதி சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். அவளுடைய அறியாமையை ஒரு வடிவாகப் பார்க்கும் கண் அந்த நாவலில் இருக்கிறது. அந்தக் கண் இவருக்கு மட்டும் உரியதில்லை. வெளியூரிலிருந்து ஒரு படித்த ஆசிரியர் வருகிறார், அங்கே கள்ளமில்லாத ஒரு பெண் இருக்கிறாள் என்ற அமைப்பு அந்தக் காலத் தமிழ்க் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தது. படித்தவனுக்கு மனசுக்குள் போராட்டம் இருக்கும், அவளுக்கு வெள்ளை மனசு மட்டும் இருக்கும். இன்றைக்கு முல்லைத்தீவில் வளர்ந்த ஒரு பெண் பிள்ளை அதை வாசித்தால், “காட்டில பிறந்து வளர்ந்தவளுக்கு இவ்வளவுமா தெரியாமல் இருக்கும்?” என்று கேட்கத்தான் செய்வாள். ஆடு மாடு ஈனுவதைப் பார்த்து, பாம்புக்கும் பன்றிக்கும் முகம்கொடுத்து வளர்ந்தவள் அல்லவா? கேள்வி நியாயமானது. அதைக் கேட்டால் நாவல் சிறுத்துப்போகாது. எந்த இடத்தில் நாவலாசிரியர் கண்ணால் கண்டதை எழுதினார், எந்த இடத்தில் அவர் காலத்துக் கதைப் பழக்கம் அவர் கையைப் பிடித்து எழுதியது என்பது அப்போதுதான் தெரியவரும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளும் நூல்களும் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. வாசிக்கச் சனம் இருந்தது, வாசிக்கச் சாமான் இல்லை. அந்த இடைவெளியில்தான் வீரகேசரி மலிவு விலையில் உள்ளூர் நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. அவை கடையில் தொங்கவிட்டு விற்கவேண்டிய புத்தகங்கள். கதை விறுவிறு என்று போகவேண்டும், காதல் வேண்டும், கண்ணீர் வேண்டும். அந்த நிபந்தனைக்குள் நின்று தண்ணிமுறிப்பை எழுதியதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

இனி, பழசாய்ப்போவது பற்றி. எல்லா நாவலும் ஒரே மாதிரிப் பழசாவதில்லை. “அலுப்படிக்குது” என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

சில நாவல்கள் வந்த வழியால் அலுப்படிக்கும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை எழுதினார். போன கிழமை என்ன நடந்தது என்று ஞாபகப்படுத்தவேண்டும், அடுத்த கிழமை வாங்கவைக்க ஒரு திடுக்கிடல் வேண்டும். ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் வாசிக்கிற இன்றைய பிள்ளைக்கு அந்தத் திடுக்கிடல்கள் சலித்துப்போகும். அது எழுத்தாளரின் பலவீனம் என்று சொல்லமாட்டேன். வாரப் பத்திரிகைக்காக வெட்டித் தைத்த உடுப்பு அது. நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வாசித்துப் பாருங்கள், பாதி அலுப்புப் போய்விடும்.

சில நாவல்கள் பாதியில் திசைமாறும். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ சஞ்சிகையில் வந்தது. முதற்பாதியில் சிறுகுளத்து வீடுகளும் பெண்களின் வம்பும் தமிழ் வாத்தியார் அம்மையப்ப பிள்ளையும் அப்படி ஒரு கலகலப்பு. நூறு வருசத்துக்கு மேலாகியும் வாய்விட்டுச் சிரிக்கலாம். பிற்பாதியில் கதை வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது. வாசித்தவர்களில் அனேகம் பேர் சொல்கிற குறை இது, எனக்கும் இதே குறைதான். ஆனால் அவருக்கு முக்கியமாக இருந்ததே அந்தப் பிற்பாதிதான். எங்களுக்கு அலுப்பான இடம் எழுதியவருக்கு உயிரான இடமாக இருக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு குறை சொல்லும்போது அந்தக் குறைக்கு நிறை கூடுகிறது. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, 1879இல் வந்தது, இடைக்கிடை நிறுத்திப் புத்தி சொல்லும். அந்தப் புத்திமதிப் பக்கங்களைத் தாண்டி வாசிக்கலாம், பாவமில்லை. ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாடாளும் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

ஒரு படைப்பு தன் வெற்றியாலேயே பழசாவதும் உண்டு. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ‘ஆனந்த விகட’னில் வந்த சிறுகதை. கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை வார்த்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அன்றைக்கு அது தமிழ் வாசகரைக் கொதிக்கவைத்தது. இன்றைக்கு உங்கள் வயதுப் பிள்ளைகள் கேட்கிற கேள்வி வேறு: “அவளில என்ன ஊத்தை இருந்தது, தண்ணி ஊத்திறதுக்கு?” இந்தக் கேள்வியைக் கேட்கிற தலைமுறை உருவாக அந்தக் கதையும் ஒரு காரணம். இதில் நான் மிகவும் மதிக்கிற விஷயம், அந்தக் கதையை ஜெயகாந்தனே திரும்பிப் பார்த்தார் என்பது. அந்தத் தாய் அப்படி நடக்காவிட்டால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அந்தச் சிறுகதையை நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரம் எழுதியதாகக் கொண்டுவந்து வைத்தார். எழுதியவரே தன் கதையை இப்படிக் கேள்வி கேட்கலாம் என்றால், வாசகர் கேட்பதில் என்ன அவமரியாதை?

முற்போக்கு நாவல்கள் பற்றியும் உங்கள் குழுவில் கட்டாயம் வரும். கே. டானியலின் ‘பஞ்சமர்’, 1972. யாழ்ப்பாணத்தில் சாதி அடக்குமுறைக்கு எதிராக நடந்த போராட்டங்களின் உள்ளிருந்து வந்த நாவல். பாத்திரங்கள் கூட்டமாக வருகிறார்கள், நல்லவர் முழு நல்லவர், கெட்டவர் முழுக் கெட்டவர் என்று இளம் வாசகர்கள் முறையிடுகிறார்கள். முறைப்பாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சனத்தின் வாய்ப்பேச்சு அவ்வளவு கூச்சமில்லாமல் அச்சில் ஏறியதை மறந்துவிட்டுக் குறையை மட்டும் சொன்னால் அது அரைகுறை வாசிப்பு. தேநீர்க் கடையில் போத்தலிலும் சிரட்டையிலும் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்களின் கோபம் அது. அழகான சமநிலையை அதனிடம் எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. முற்போக்கு விமர்சகர் கைலாசபதியும் அவரைச் சேர்ந்தவர்களும் சமூக உள்ளடக்கத்தை முன்னுக்கு வைத்தபோது, எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரை அந்த ‘முற்போக்கு’க்கு மாற்றாக ‘நற்போக்கு’ என்று எதிர்நின்றார். மு. தளையசிங்கம் இரண்டு பக்கத்தையும் கேள்வி கேட்டார். தமிழ்நாட்டில் சி. சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ சஞ்சிகையைத் தொடங்கியதே விமர்சனம் வளரவேண்டும் என்றுதான். முகத்துக்கு நேரே சொல்லும் ஒரு மரபு எங்களுக்கு இருந்திருக்கிறது. இடையில் வந்த வருசங்களில் அபிப்பிராயத்தை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு சீவிக்கப் பழகிவிட்டோம். ஏன் அப்படிப் பழகினோம் என்று வன்னியில் இருக்கிற ஒருவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இனி ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றில் ஒரு பழைய நாவல் இருக்கிறது. பெயர் வேண்டாம், எழுதியவர் வன்னியைச் சேர்ந்தவர் இல்லை. கதை கிளிநொச்சி வயல்களில் நடக்கிறது. ஒரு அத்தியாயத்தில் காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையை நம்பிச் செய்கிற நெல் போகத்துக்கு, பெண்கள் வரிசையாகக் குனிந்து பாட்டுப் பாடி நாற்று நடுகிறார்கள். அந்த வரிகளுக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு. ஓரத்தில் சாய்ந்த எழுத்தில், “இஞ்ச ஆர் நாத்து நடுறது? வீசித்தானே விதைக்கிறது. இவர் வயலில காலே வைக்கேல்லை.” அதற்குக் கீழே வேறு கை, நீல மை: “கதையைப் பார். வயலைப் பார்க்காதை.”

முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒரே தாளின் ஓரத்தில், மேடை இல்லாமல், பொன்னாடை இல்லாமல் வாதாடியிருக்கிறார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது நல்ல பழக்கம் இல்லை. ஆனாலும் அந்த நாவலைப் பற்றி நான் கண்ட மிக நேர்மையான விமர்சனம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

நான் பென்சில்காரரின் பக்கம். நீல மைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு, விவசாயத் தகவல் பிழைத்தால் மட்டும் நாவல் கெட்டுவிடாது. ஆனால் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு மேலே வாசியுங்கள். நாற்று நடும் பாட்டு எங்கிருந்து வந்தது? சஞ்சிகைக் கதைகளிலிருந்தும் படங்களிலிருந்தும் வந்தது. அதே நாவலில் வன்னிச் சனமும் அங்கிருந்துதான் வருகிறது. விருந்தோம்பும் கிழவன், கள்ளமில்லாக் குமர், கோபக்கார வேட்டைக்காரன். இரணைமடுக் குளத்துத் தண்ணிக்கு முறை வைத்து அடிபடுகிற, மழை பிந்தினால் புழுதியில் போட்ட விதைநெல்லை நினைத்து நித்திரை கொள்ளாத, அரிவு வெட்டுக்கு மெசின் பிந்தினால் ஊரையே திட்டுகிற மனிதர் ஒருவரும் அதில் இல்லை. நெல்லில் விட்ட பிழை, மனிதரைப் பார்க்காமல் எழுதியதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. வயல் தெரிந்த வாசகருக்கு மட்டும் கிடைக்கிற வெளிச்சம் இது. கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிற பெரிய விமர்சகருக்குக் கிடைக்காது. உங்கள் கூட்டத்தில் வயல் செய்கிற ஒருவர் இருந்தால் அவரை முதலில் கதைக்க விடுங்கள்.

அதேபோல, 1970களிலும் 1977 கலவரத்துக்குப் பிறகும் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் உங்களோடு இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். வன்னி நாவல் என்று நாங்கள் கொண்டாடுகிறவற்றில் அவர்கள் எங்கே வருகிறார்கள்? வந்தால் கூலிக்கு வருகிறவராக வருவார்கள், பெயர்கூட இல்லாமல் போய்விடுவார்கள். “இது எங்களைப் பற்றின கதை இல்லை” என்று அவர்களில் ஒருவர் சொன்னால் அது மனத்தாங்கல் என்று தள்ளிவிடாதீர்கள். நாவலின் எல்லை எங்கே முடிகிறது என்று அவர் காட்டுகிறார்.

மிகக் கடினமான இடம் போருக்குப் பிறகு வந்த புத்தகங்கள். இழக்கக்கூடாததை எல்லாம் இழந்த ஒருவர் எழுதியதை வாசித்துவிட்டு “நாவலாக வரவில்லை” என்று எப்படிச் சொல்வது? முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் இருக்கிற அறையில் அந்தச் சொல் இலேசில் வாயில் வராது. நான் செய்வது இது: எழுதியவரின் இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், அது என் மதிப்பீட்டுக்குரிய விஷயமே இல்லை. பக்கங்களைப் பற்றி மட்டும் கதைப்பேன். அப்படிக் கதைக்கத் தொடங்கினால், அங்கே இருந்து வந்த ஆட்களே முன்னுக்கு வந்து சொல்கிறார்கள். பரந்தன் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு நாவலைப் பற்றிச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “எங்களை அழுகிற ஆக்களா மட்டும் எழுதி வைச்சிருக்கினம். பங்கருக்குள்ள இருந்தும் நாங்கள் சண்டை பிடிச்சனாங்கள், சிரிச்சனாங்கள், கறிக்கு உப்புக் காணாது எண்டு ஏசினனாங்கள்.” அந்த நாவலுக்கு இதைவிடச் சரியான விமர்சனம் ஒருவராலும் எழுத முடியாது. அந்த அம்மா எழுதியவரை அவமதிக்கவில்லை. தன் சீவியம் முழுதாக எழுதப்படவேண்டும் என்று கேட்டார்.

பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். “குப்பை” என்று ஒரே சொல்லில் எறிந்துவிட்டு எழும்புகிறவரும் “அருமை” என்கிறவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள், இரண்டு பேருக்கும் புத்தகத்தைத் திறக்கத் தேவையில்லை. எந்தப் பக்கத்தில் நம்பிக்கை விட்டது? அதற்கு முந்தின பக்கம் வரைக்கும் எது இழுத்து வந்தது? பாத்திரத்தில் கோபமா, பாத்திரத்தைப் படைத்தவரில் கோபமா? பாத்திரம் பிழையாக நடந்தால் அது கதை. அந்தப் பிழையை ஆசிரியரும் சரியென்று நினைக்கிறார் என்றால்தான் கேள்வி வருகிறது. இளம் வாசகர்கள் இந்த இரண்டையும் மாற்றிப்போட்டுவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். சாதித் திமிர் பிடித்த பாத்திரம் ஒன்று வந்தாலே நாவலைச் சாதி நாவல் என்கிறார்கள். அங்கே நீங்கள் கொஞ்சம் மறிக்கவேண்டும்.

முடியாத புத்தகத்தை முடிக்கச் சொல்லி ஒருவரையும் நெருக்காதீர்கள். பாதியில் விட்டவர் கூட்டத்துக்கு வரவெட்கப்பட்டு நின்றுவிடுவார், பிறகு அடுத்த மாதமும் வரமாட்டார். விட்ட இடத்தைச் சொல்ல அவரும் வரவேண்டும்.

அடுத்த மாதத்துக்குச் செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ எடுக்கலாம் என்பது என் யோசனை. அதுவும் வீரகேசரி பிரசுரம், 1977, அதுவும் வன்னி. எழுதியவர் யாழ்ப்பாணத்தார், நிர்வாக சேவையில் இருந்தவர். கந்தோர்க் கதிரையில் இருந்து வன்னிக் கிராமத்தைக் கண்டவர் எதைக் கண்டார், முல்லைத்தீவு மண்ணில் பிறந்தவர் எதைக் கண்டார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதைக்கலாம். அச்சுப் பிரதி கிடைக்காவிட்டால் நூலகம் இணையத்தளத்தில் தேடுங்கள், ஈழத்துப் பழைய நாவல்கள் பல அங்கே காசில்லாமல் வாசிக்கக் கிடைக்கின்றன. கூட்டத்தைத் தொடங்கும்போது வயதில் குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள். மூத்தவர் முதலில் “அருமை” என்றுவிட்டால் பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். யாராவது ஒருவர் கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும், பெயர் வேண்டாம், பக்க இலக்கமும் சொன்ன சொல்லும் போதும். குறித்ததை எனக்கும் ஒருமுறை அனுப்பிவையுங்கள், ‘காட்டாறு’ பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. நீங்கள் வாசித்து முடிக்கும் வரைக்கும் அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.